உடல் எடையைக் குறைக்கும் மாத்திரைகள்: உட்கொள்ளும் முன் அறிய வேண்டியவை

2026 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், உடல் எடை குறையும் என்று கூறிய யூடியூப் காணொலி ஒன்றைப் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கி உட்கொண்டார். கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு அவர் உயிரிழந்தார். அவர் கேட்டது தவறான கேள்வியன்று. எடையை எவ்வாறு குறைப்பது என்று பலரும் கேட்கின்றனர். அக்கேள்விக்குப் பதில் சொன்னவர் மருத்துவர் அல்லர் என்பதே பிழை.

அதே கைப்பேசி விளம்பரங்கள் கள்ளக்குறிச்சி நகரிலும், சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளிலும், கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர் பகுதிகளிலும் வந்து சேர்கின்றன. “30 நாளில் 10 கிலோ”, “பக்க விளைவே இல்லை”, “பத்தியம் தேவையில்லை” என அவை கூறுகின்றன. மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும் நிலையில், வீட்டு வாசலுக்கே வரும் பொட்டலம் எளிதாகத் தோன்றுவது இயல்பே. அப்பொட்டலத்தைப் பிரிக்கும் முன் நீங்களும் உங்கள் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் கருத்துகள்

• எடை குறைப்பு மருந்துகள் சிலருக்குப் பயன் தருபவை. அவற்றை மருத்துவரின் பரிந்துரையுடனும் கண்காணிப்புடனும் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.
• “மூலிகை”, “இயற்கை” என்னும் சொற்கள் பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல.
• தைராய்டு மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, பேதி மருந்து ஆகியவை எடை குறைப்பு மருந்துகள் அல்ல.
• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைப்பு மருந்து எதையும் உட்கொள்ளக் கூடாது.
• ஏற்கெனவே உட்கொண்டு உடல்நலம் பாதிக்கப்பட்டிருந்தால், மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். அவசரத்துக்கு 108.

உங்களுக்கு எடை குறைப்பு தேவையா?

மருந்தைப் பற்றி எண்ணும் முன் இக்கேள்விக்கு விடை காண்பது அவசியம். கண்ணாடியோ உறவினரின் சொல்லோ இதற்கு அளவுகோல் ஆகாது. உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., பொதுவாகப் பயன்படுத்தப்படும் அளவுகோலாகும். எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் இவ்வெண் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணின் எடை 52 கிலோ எனில், அவரது பி.எம்.ஐ. ஏறத்தாழ 21.6 ஆகும். இது இயல்பான அளவு. அவருக்கு எடை குறைப்பு தேவையில்லை. அதே உயரமுள்ள மற்றொருவரின் எடை 62 கிலோ எனில், குறியீட்டெண் 25.8 ஆகும். இந்தியர்களுக்கு 23 முதல் 24.9 வரை அதிக எடை எனவும், 25-உம் அதற்கு மேலும் உடல் பருமன் எனவும் கொள்ளப்படுகின்றன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் மேற்பட்டிருந்தால், வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடியுள்ளது எனப் பொருள். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றின் வாய்ப்பை அது அதிகரிக்கிறது.

2019-21 காலத்தில் நடத்தப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு பெண்களும் 37 விழுக்காடு ஆண்களும் 25-உம் அதற்கு மேலும் பி.எம்.ஐ. கொண்டிருந்தனர். அதே ஆய்வில் 12.6 விழுக்காடு பெண்கள் இயல்பான எடைக்கும் குறைவாக இருந்தனர். ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில், இவ்விரு நிலைகளும் காணப்படுகின்றன. எனவே, அண்டை வீட்டாருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து உங்களுக்கும் பொருந்தும் என எண்ண வேண்டாம்.

எடை கூடுவதற்கு உணவு மட்டுமே காரணம் அன்று. தைராய்டு சுரப்புக் குறைவு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு மருந்துகள், இன்சுலின், மனநலச் சிகிச்சைக்கான சில மருந்துகள் ஆகியவற்றாலும் எடை கூடலாம். சில நாள்களிலேயே எடை விரைந்து கூடி, கால்களில் வீக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால், அது கொழுப்பாக இல்லாமல் உடலில் தேங்கிய நீராக இருக்கக்கூடும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் பாதிப்பு இவ்வாறு வெளிப்படும். அந்நிலையில் எடை குறைப்பு மாத்திரையைத் தேடுவது உண்மையான நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தும்.

மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்துகள் எவை?

உணவு முறையையும் உடல் உழைப்பையும் மாற்றியும் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கே மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. பொதுவாக பி.எம்.ஐ. 30-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும், 27-உம் அதற்கு மேலும் இருந்து சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்கும் இவை கருதப்படுகின்றன. உங்களுக்குத் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

ஆர்லிஸ்டாட்: இது குடலில் வேலை செய்யும் மாத்திரை. உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்கச் செய்யும் நொதியைத் தடுப்பதால், உண்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு செரிக்காமல் மலத்துடன் வெளியேறுகிறது. சோறு, மரவள்ளிக்கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றின் மாவுச்சத்தை இம்மருந்து தடுப்பதில்லை. ஆகவே, அவற்றை மிகுதியாக உண்பவருக்கு இம்மாத்திரையால் எதிர்பார்க்கும் பலன் கிடைக்காது. ஓராண்டு உட்கொண்டவர்களுக்கு, மருந்தின்றி உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் கடைப்பிடித்தவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அளவில்தான் கூடுதலாக எடை குறைகிறது.

எண்ணெய்ப் பசையுள்ள மலம், அடக்க இயலாத மலப்போக்கு, வாயுத் தொல்லை ஆகியவை இதன் பக்க விளைவுகள். எண்ணெயில் பொரித்த உணவை உண்டால் இவை மிகும். வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை உடலில் சேர்வதையும் இது குறைக்கிறது. எனவே வைட்டமின் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டால், அதை இம்மருந்துடன் சேர்க்காமல் இரவு படுக்கும் முன் உட்கொள்ளவும். தைராய்டு மாத்திரை, இரத்தம் உறையாமல் இருப்பதற்கான வார்ஃபரின் ஆகியவற்றை உட்கொள்பவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

செமாகுளூடைட், டிர்செபடைட்: இவை பசியையும் இரைப்பையின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் குடல் சுரப்புகளைப் போலச் செயல்படுபவை. எடை குறைப்புக்காக வாரம் ஒருமுறை ஊசியாகச் செலுத்தப்படுகின்றன. இந்தியாவில் இவ்வகை ஊசிகள் 2025-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. உடல் பருமன் உள்ளவர்களிடம் 68 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வில், செமாகுளூடைட் பெற்றவர்களின் எடை சராசரியாக 15 விழுக்காடு அளவில் குறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. உடல் பருமன் நீண்டகாலம் தொடரும் நிலை என்பதை இது காட்டுகிறது. சில மாதங்கள் போட்டு நிறுத்திவிடலாம் என்னும் எண்ணத்துடன் தொடங்குவது ஏமாற்றத்தையே தரும்.

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை இவற்றின் பொதுவான பக்க விளைவுகள். பித்தப்பைக் கற்களும், அரிதாகக் கணைய அழற்சியும் ஏற்படலாம். முதுகு வரை பரவும் கடுமையான வயிற்று வலி ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையக்கூடும். டிர்செபடைட், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால் மாற்று ஏற்பாடு பற்றிக் கேட்டறியவும். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் செமாகுளூடைட் மருந்தைக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்னரே நிறுத்த வேண்டும்.

பயன்படுத்தத் தொடங்கும் வரை இவ்வூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் பல மணி நேரம் பயணித்துத் தபாலில் வரும் மலிவு விலை ஊசி, பலனற்றதாகவோ போலியாகவோ இருக்கலாம். மின்தடை மிகுந்த ஊர்களில் வசிப்பவர்கள் மருந்தைப் பாதுகாக்கும் முறையை மருத்துவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

தடை செய்யப்பட்ட மாத்திரைகள் கற்பிப்பவை

எடை குறைப்பு மாத்திரைகளின் வரலாற்றில், முதலில் பாராட்டப்பட்டுப் பின்னர் திரும்பப் பெறப்பட்டவை பல. 1930-களில் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்னும் வேதிப்பொருள் எடை குறைப்புக்காக விற்கப்பட்டது. அது உடலின் ஆற்றலை வெப்பமாக வீணடிக்கச் செய்யும். உட்கொண்ட சிலருக்குக் கண்புரை வந்தது. சிலர் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் உயர்ந்து இறந்தனர். 1938-இல் அது மனிதர்கள் உட்கொள்ளத் தகாதது என அறிவிக்கப்பட்டது. ஆயினும் இணையம் வழியாக இன்றும் அது விற்கப்படுகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது.

ஃபென்ஃபுளூரமின் இதய வால்வுகளைப் பாதித்ததால், 1997-இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டிய ரிமோனபான்ட் இந்தியாவில் 2009-இல் தடை செய்யப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டிய சிபுட்ரமின் 2011 பிப்ரவரியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இவை அனைத்தும் எடையைக் குறைத்தவையே. எடை குறைகிறது என்பதாலேயே ஒரு மருந்து உடலுக்கு நல்லது என முடிவு செய்யக் கூடாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

வேறு நோய்க்கான மாத்திரையைப் பயன்படுத்தலாமா?

கூடாது. வீட்டில் ஒருவருக்கு வாங்கிய மாத்திரையை மற்றொருவர் எடை குறைப்புக்காக உட்கொள்வது ஆபத்தானது.

தைராய்டு மாத்திரை: தைராய்டு சுரப்பு இயல்பாக உள்ளவர் லெவோதைராக்ஸின் உட்கொண்டால் படபடப்பு, கை நடுக்கம், சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவை ஏற்படலாம். மிகுந்த அளவு உயிருக்கே ஆபத்தாகலாம். நீண்டகாலப் பயன்பாடு எலும்புகளின் வலிமையையும் குறைக்கும்.

நீர் பிரியும் மாத்திரை: ஃபுரோசமைடு போன்றவை உடலிலுள்ள நீரையும் உப்புகளையும் வெளியேற்றும். எடைக் கருவியில் ஓரிரு கிலோ குறைந்து தெரிந்தாலும் கொழுப்பு ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. நீர் அருந்தியதும் எடை திரும்பிவிடும். இதற்கிடையே பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு பாதிக்கப்படும். வெயிலில் வயல் வேலை செய்பவர்களுக்கு இவ்வாபத்து மேலும் அதிகம்.

பேதி மருந்து: மாத்திரையாயினும் நிலாவரை சேர்ந்த சூரணமாயினும் இதன் விளைவு ஒன்றே. உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பேதி மருந்து செயல்படுவதோ பெருங்குடலில். எனவே வெளியேறுவது நீரே அன்றி உண்ட உணவின் கலோரி அன்று. நாள்தோறும் உட்கொண்டால் மருந்தின்றி மலம் கழிக்க இயலாத நிலையும் உருவாகலாம்.

மூலிகைப் பொருள்கள் பாதுகாப்பானவை அல்லவா?

தமிழகத்தின் சித்த மருத்துவம் நெடிய மரபுடையது. கல்வராயன் மலை மக்களிடமும் மூலிகை அறிவு தலைமுறைகளாக இருந்து வருகிறது. அம்மரபே ஒரு பொருளை எவர், எந்த அளவில், எவ்வாறு சுத்தி செய்து கொடுக்க வேண்டும் என வரையறுக்கிறது. வெங்காரத்தையே எடுத்துக்கொள்வோம். சித்த மருத்துவத்தில் அது சுத்தி செய்யப்பட்டு, மிகச் சிறிய அளவில், பிற சரக்குகளுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படுகிறது. கடையில் கிடைக்கும் வெங்காரம் போராக்ஸ் எனப்படும் வேதிப்பொருளாகும். அதனை அப்படியே உட்கொண்டால் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, சிறுநீரகப் பாதிப்பு, வலிப்பு ஆகியவை ஏற்பட்டு உயிரிழப்பு நேரலாம். கைப்பேசிக் காணொலியில் பெயர் மட்டும் வருகிறது. சுத்தி முறையும் அளவும் வருவதில்லை.

பொட்டலத்தில் எழுதப்படாத பொருள்கள் இருப்பது மற்றோர் ஆபத்தாகும். “முற்றிலும் மூலிகை” என விற்கப்பட்ட எடை குறைப்புப் பொருள்களில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் கலந்திருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீண்டும் மீண்டும் கண்டறிந்துள்ளன. ஒரு “மூலிகைப் பொடி” இரண்டே நாள்களில் பசியை அடியோடு நிறுத்தி, தூக்கத்தைக் கெடுத்து, நெஞ்சைப் படபடக்கச் செய்தால், அதில் மூலிகை அல்லாத ஒன்று இருக்கிறதா என ஐயுற வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் எடை குறைப்பு மருத்துவமனை ஒன்றில் சீன மூலிகை மாத்திரை வழங்கப்பட்டது. சேர்க்க வேண்டிய மூலிகைக்கு மாறாக, அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்த வேறொரு மூலிகை அதில் சேர்ந்திருந்தது. அதை உட்கொண்ட பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. பலருக்கு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது. பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர்களில் வளரும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனத்தைச் சேர்ந்த செடியே. ஒரு செடி நம் வேலியோரத்தில் வளர்கிறது என்பதால் அதனைத் தொடர்ந்து உட்கொள்வது பாதுகாப்பானது ஆகிவிடாது.

குடம்புளிச் சாறு அடங்கிய மாத்திரைகளும், செறிவூட்டப்பட்ட பச்சைத் தேயிலைச் சாறு அடங்கிய மாத்திரைகளும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்துள்ளன. குழம்பில் இடும் குடம்புளியையோ ஒரு குவளைத் தேநீரையோ கண்டு அஞ்ச வேண்டியதில்லை. செறிவாக்கி மாத்திரையாக உட்கொள்ளும்போது அளவு பன்மடங்காகிறது என்பதே வேறுபாடு. சித்த மருத்துவ முறையில் சிகிச்சை பெற விரும்பினால், அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவிலுள்ள பதிவு பெற்ற மருத்துவரை அணுகவும்.

விளம்பரத்தை எவ்வாறு மதிப்பிடுவது?

மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954, குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அச்சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இடம்பெற்றுள்ளது. அதாவது, உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து எனப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே குற்றமாகும். அத்தகைய விளம்பரத்தைக் காணும்போது, அதை வெளியிட்டவர் சட்டத்தை மதிக்கவில்லை என்பதை முதலில் நினைவில் கொள்ளவும்.

• உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருப்பது, அப்பொருள் எடையைக் குறைக்கும் என்பதற்கான சான்று அன்று. அது உணவுப் பொருளாக விற்பதற்கான உரிமம் மட்டுமே. ஊட்டச்சத்துத் துணைப் பொருள்களின் உறையில் அவை மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியவை அல்ல என அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. அவ்வரியைத் தேடிப் படிக்கவும்.
• மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அதை மருத்துவர் சீட்டின்றி வாங்கவோ விற்கவோ கூடாது.
• தயாரிப்பாளரின் முகவரி, தொகுதி எண், காலாவதி நாள், உள்ளடக்கம் ஆகியவை இல்லாத பொருளை வாங்க வேண்டாம். உதிரியாகக் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளையும் ஏற்க வேண்டாம்.
• “முன், பின்” புகைப்படங்கள் சான்றுகள் அல்ல. விற்றால் பங்கு கிடைக்கும் என்பதற்காக அறிமுகமானவரே பரிந்துரைப்பதும் உண்டு.

ஐயத்துக்குரிய உணவுப் பொருள்கள் குறித்துத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்னும் வாட்ஸ்அப் எண்ணில் புகார் அளிக்கலாம்.

எவரெல்லாம் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைப்பு மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். பேறுகாலத்துக்குப் பின் கூடிய எடை குறைவதற்குக் காலம் தேவை. 18 வயதுக்குட்பட்டோருக்குச் சிறப்பு மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி எம்மருந்தும் தரக் கூடாது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக அல்லது கல்லீரல் பாதிப்பு, வலிப்பு, மனநலப் பாதிப்பு ஆகியவை உள்ளவர்களும், நாள்தோறும் வேறு மருந்து உட்கொள்பவர்களும் தங்கள் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே உட்கொண்டுவிட்டால்

பரிந்துரையின்றி வாங்கிய பொருளை உட்கொண்டு வருபவராயின், அதை நிறுத்திவிட்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவும். மருத்துவர் பரிந்துரைத்த மருந்தாயின் தாமாக நிறுத்தாமல் அவரிடம் பேசவும்.

கீழ்க்காணும் அறிகுறிகள் தோன்றினால் சிறிதும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும்:

• நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கட்டுக்கடங்காத படபடப்பு
• மயக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு
• நிற்காத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, அவற்றில் இரத்தம்
• கடுமையான வயிற்று வலி
• மிகுந்த உடல் வெப்பமும் வியர்வையும்
• கண், தோல் மஞ்சளாதல், அடர் நிறச் சிறுநீர் அல்லது சிறுநீர் குறைதல்

வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உப்புக் கரைசலோ புளிக்கரைசலோ கொடுக்க வேண்டாம். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். உட்கொண்ட பொருளின் அட்டை, பொட்டலம், மீதமுள்ள பொடி, பார்த்த காணொலி என எது இருந்தாலும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும். எப்போது, எவ்வளவு உட்கொண்டார் என்பதைக் குறித்துக்கொள்ளவும். தேசிய நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

இம்மாவட்ட மக்களுக்கு ஒன்றை நினைவூட்டுவது கடமையாகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். என்ன கலந்திருக்கிறது என்று அறியாத ஒன்றை உட்கொள்வதன் விலையை இம்மாவட்டம் அறியும். நச்சுப் பாதிப்பில் சிகிச்சை தொடங்கும் நேரமே பலமுறை உயிரைத் தீர்மானிக்கிறது. வெட்கமோ திட்டு வாங்குவோம் என்ற அச்சமோ அந்நேரத்தை வீணாக்கிவிடக் கூடாது. மலைக்கிராமங்களிலிருந்து மருத்துவமனையை அடையப் பயண நேரம் கூடுதலாகும் என்பதால், அறிகுறி முற்றும் வரை காத்திருக்க வேண்டாம்.

பராமரிப்பாளர்களுக்கு

எடை குறைப்பு மருந்துகளை இளைஞர்கள் பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரியாமலே வாங்குகின்றனர். உணவு வேளையைத் தொடர்ந்து தவிர்த்தல், உண்டவுடன் கழிவறைக்குச் செல்லுதல், தூக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், கை நடுக்கம், மாதவிடாய் தவறுதல், அடிக்கடி வரும் பொட்டலங்கள் ஆகியவற்றைக் கண்டால் கவனம் கொள்ளவும்.

அப்போது கண்டிப்பதைவிடக் கேட்பதே பயன் தரும். “என்ன சாப்பிடுகிறாய்? எனக்கும் காட்டு, மருத்துவரிடம் சேர்ந்தே கேட்போம்” என்று சொல்லும் தாயிடம் பிள்ளை மறைக்காது. திருமணப் பேச்சின்போதும் விழாக்களிலும் பெண்ணின் உடலைப் பற்றிச் சொல்லும் கேலி, அவரை நாட்டு மருந்துக் கடைக்கோ இணையக் கடைக்கோ தனியே அனுப்பும் முதல் காரணமாகலாம். உணவு குறித்த அச்சமோ தன் உடல் மீதான வெறுப்போ நீடித்தால், 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் மனநல ஆலோசனையைக் கட்டணமின்றிப் பெறலாம்.

பாதுகாப்பாக எடையைக் குறைப்பது எப்படி?

உங்கள் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேம்படத் தொடங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 3.5 முதல் 7 கிலோ ஆகும். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே பாதுகாப்பான வேகம்.

• நாளுக்கு நான்கு முறை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரையுடன் தேநீர் அருந்துபவர் அதனால் மட்டுமே ஏறத்தாழ 130 கலோரி பெறுகிறார். முதலில் பாதியாக்கவும்.
• ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 45 கலோரி உள்ளது. பொரித்தவற்றைக் குறைத்து, ஆவியில் வேகவைத்தவற்றைக் கூட்டவும்.
• தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். எஞ்சிய கால் பங்கு சோறு என அமைத்துக்கொள்ளவும். கல்வராயன் மலையில் விளையும் சாமையும் தினையும் நல்ல உணவுகள். அவற்றையும் அளவோடு உண்ண வேண்டும்.
• வாரத்துக்கு 150 நிமிடங்கள் விரைவு நடை போன்ற உடற்பயிற்சி செய்யவும். ஒரே நாளில் முடியாவிடில் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளவும்.
• வேளை உணவைத் தவிர்த்துப் பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்களுக்கு அது ஆபத்தானது.

எங்கு செல்வது?

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைக் கட்டணமின்றி அறிந்துகொள்ளலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் இல்லம் தேடி வரும்போதும் கேட்கலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கவும். மருந்தால் ஏற்பட்ட பக்க விளைவை 1800 180 3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம். உங்கள் பதிவு அடுத்தவரைக் காக்கக்கூடும்.

மருத்துவரிடம் இக்கேள்விகளைக் கேட்கவும்:

• என் எடை கூடியதற்குக் காரணம் என்ன? பரிசோதனை தேவையா?
• எனக்கு மருந்து தேவையா? உணவு மாற்றம் மட்டும் போதுமா?
• இம்மருந்தின் பெயர் என்ன? எத்தனை மாதங்கள்? மொத்தச் செலவு எவ்வளவு?
• நான் உட்கொள்ளும் பிற மருந்துகளுடன் இது ஒத்துப்போகுமா?
• எந்த அறிகுறி தோன்றினால் நிறுத்திவிட்டு வர வேண்டும்?
• மருந்தை நிறுத்திய பின் எடை திரும்பாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இக்கேள்விகளுக்கு விடை சொல்ல இயலாதவர் தரும் மாத்திரையை உட்கொள்ள வேண்டாம். பல ஆண்டுகளில் கூடிய எடை சில மாதங்கள் பொறுத்துக் குறைவதில் இழப்பு ஏதுமில்லை.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாக அமையா.